இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் முறை: விவாதமும் வரலாறும்

இந்தியக் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. மக்களவை, மாநிலங்களவை ஆகியவற்றின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் சேர்ந்த ஒரு வாக்காளர் குழாம் அவரைத் தேர்ந்தெடுக்கிறது. நியமன உறுப்பினர்களுக்கும் சட்ட மேலவை உறுப்பினர்களுக்கும் இதில் வாக்கு இல்லை. டெல்லி, புதுச்சேரி சட்டமன்றங்கள் 1992ஆம் ஆண்டின் 70ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் வழியாகப் பின்னர் சேர்க்கப்பட்டன. குழாமில் யார் யார் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 54ஆவது உறுப்பும், வாக்குகளை எப்படி மதிப்பிட்டு எண்ணுவது என்பதை 55ஆவது உறுப்பும் கூறுகின்றன.

இந்த முறை எளிதில் எட்டப்பட்ட ஒன்றல்ல. குடியரசுத் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற வாதம் அரசியல் நிர்ணய சபையில் வலுவாக எழுந்தது. அது தோற்றது. அந்த வாதத்தை எழுப்பியவரே, அவர் எதிர்த்த முறையின்படி நடந்த முதல் தேர்தலில் வேட்பாளராக நின்றார் என்பது இந்த வரலாற்றில் பலர் அறியாத செய்தி.

நேருவின் குழு

ஒன்றிய அரசின் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ந்த குழுவுக்கு ஜவஹர்லால் நேரு தலைவர். அதன் அறிக்கை 1947 ஜூலையில் சபையின் முன் வைக்கப்பட்டது. அப்போது நேரு எடுத்துரைத்த காரணம் சுருக்கமானது. நாட்டில் அமையவிருப்பது அமைச்சரவை ஆட்சி. உண்மையான அதிகாரம் அமைச்சரவையிடமும் சட்டமன்றத்திடமும் இருக்கும். அப்படியிருக்க, வயது வந்தோர் அனைவரையும் வாக்களிக்க வைத்துத் தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவருக்கு அதிகாரம் எதுவும் தராமல் உட்கார வைப்பது பொருத்தமற்றது.

அடுத்த கேள்வி உடனே வந்தது. மக்கள் வேண்டாம் என்றால் நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தால் போதாதா? அதையும் நேரு ஏற்கவில்லை. நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மையோ அதே கட்சிதான் அமைச்சரவையை அமைக்கும். அதே பெரும்பான்மை தலைவரையும் தேர்ந்தெடுத்தால் இருவரும் ஒரே நிறத்தவராகிவிடுவர். ஆகவே மாநிலச் சட்டமன்றங்களும் சேர்க்கப்பட்டன. ஒரு கூட்டாட்சியின் தலைவரை ஒன்றியமும் மாநிலங்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கின்றன என்ற பொருளும் இதனால் கிடைத்தது.

கே. டி. ஷாவின் திருத்தம்

வரைவு அரசமைப்பின் இந்தப் பகுதி 1948 டிசம்பரில் விவாதத்துக்கு வந்தபோது, வயது வந்தோர் வாக்குரிமையின்படி மக்களே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பேராசிரியர் கே. டி. ஷா திருத்தம் கொண்டுவந்தார். பொருளியல் அறிஞரான ஷா சபையில் ஓயாமல் திருத்தம் கொண்டுவந்தவர். அரசமைப்பின் முதல் உறுப்பிலேயே 'மதச்சார்பற்ற, கூட்டாட்சி, சோசலிச' என்ற சொற்களைச் சேர்க்க முயன்றவரும் அவர்தான். அவருடைய திருத்தங்களில் பெரும்பாலானவை தோற்றன. ஆனால் கேட்கத் தகாத கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை.

சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கும் தலைவர் கட்சிகளின் தலைவராகவே இருப்பார், நாட்டு மக்கள் முழுவதற்கும் பேராளராக ஒருவர் வேண்டுமென்றால் அவர் மக்களின் வாக்கால் வர வேண்டும் என்பது ஷாவின் வாதத்தின் சாரம். ஆட்சித்துறையும் சட்டமன்றமும் தனித்தனியே நிற்க வேண்டும் என்ற கொள்கையும் அவருக்கு உண்டு. எனவே நேரடித் தேர்தல் அவருடைய முழுத் திட்டத்தின் ஒரு பகுதி.

வரைவுக் குழுத் தலைவர் அம்பேத்கர் இதற்குப் பதிலளித்தார். வாக்காளர் தொகை மிகப் பெரிது. அத்தனை பேரின் வாக்குகளைப் பெறுவதற்கான நிர்வாக ஏற்பாடு கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அரசமைப்பில் குடியரசுத் தலைவர் பெயரளவுத் தலைவரே, அவருக்குத் தம் விருப்பப்படி செயல்படும் அதிகாரம் இல்லை என்பவை அவர் காட்டிய காரணங்கள்.

இவற்றில் முதல் இரண்டும் நெடுநாள் நிற்கவில்லை. 1951 அக்டோபர் தொடங்கி 1952 பிப்ரவரி வரை, சுகுமார் சென் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து நடத்திய முதல் பொதுத்தேர்தலில் சுமார் 17.3 கோடி வாக்காளர்கள் பட்டியலில் இருந்தனர். எழுத்தறிவில்லாதவர்களுக்காகச் சின்னங்கள் அச்சிட்ட பெட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுசென்று அந்தத் தேர்தல் நடந்து முடிந்தது. எண்ணிக்கை பெரிது என்பது தடையாகவில்லை.

ஆனால் மூன்றாவது காரணம் அசைக்க முடியாதது. அதற்குச் சான்றும் விரைவில் கிடைத்தது. 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபையால் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த இராஜேந்திர பிரசாத், 1951 செப்டம்பரில் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைத் தாம் ஏற்கவில்லை என்றும், அதில் தம் சொந்த முடிவின்படி நடக்க விரும்புவதாகவும் நேருவுக்கு எழுதினார். தலைமை வழக்கறிஞர் எம். சி. சேதல்வாட் உள்ளிட்டோரின் கருத்து கேட்கப்பட்டது. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று அவர்கள் தெளிவுபடுத்தினர். சிக்கல் அத்துடன் அடங்கியது. அதே இராஜேந்திர பிரசாத் கோடிக்கணக்கான மக்களின் வாக்குகளை நேரடியாகப் பெற்று வந்தவராக இருந்திருந்தால் அது அவ்வளவு எளிதில் அடங்கியிருக்குமா? 'என்னையும் மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள்' என்று சொல்லும் இரண்டு பேர் ஒரே தலைநகரில் இருந்திருப்பார்கள். அம்பேத்கரும் நேருவும் தவிர்க்க நினைத்தது இதைத்தான்.

அயர்லாந்து இதற்கு மாறான எடுத்துக்காட்டு. இந்திய அரசமைப்பின் வழிகாட்டு நெறிகளுக்கு முன்மாதிரியாக இருந்த அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசமைப்பு, அதிகாரம் மிகக் குறைந்த குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும்படி வகுத்தது. அங்கே பெரிய மோதல் எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் அயர்லாந்து சிறிய நாடு, மொழி வழியாகவும் மாநில வழியாகவும் பிரிந்து கிடக்கும் நாடன்று. அதை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்திக் காட்டுவது சரியான ஒப்பீடாகாது.

வாக்கு மதிப்பு என்னும் கணக்கு

மாநிலச் சட்டமன்றங்களைச் சேர்ப்பது என்று முடிவானதும் ஒரு கணக்குச் சிக்கல் எழுந்தது. எல்லாச் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கைக் கொடுத்தால், சில ஆயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர் உள்ள சிறிய மாநிலமும், லட்சக்கணக்கானோருக்கு ஓர் உறுப்பினர் உள்ள பெரிய மாநிலமும் சமமாகிவிடும். ஆகவே வாக்கின் மதிப்பு மக்கள்தொகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது.

வழி இதுதான். மாநிலத்தின் மக்கள்தொகையைச் சட்டமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வரும் ஈவை 1,000ஆல் வகுக்க வேண்டும். மீதி 500 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்வோம். 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 4,11,99,168. உறுப்பினர்கள் 234. வகுத்தால் 1,76,064 வருகிறது. அதை ஆயிரத்தால் வகுத்தால் 176, மீதி 64. மீதியை விட்டுவிடலாம். ஆகவே தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176; மாநிலத்தின் மொத்த மதிப்பு 234 x 176 = 41,184. சிக்கிமின் கணக்கு வேறு விதமாகப் போகும். மக்கள்தொகை 2,09,843, உறுப்பினர்கள் 32. ஈவு 6,557. ஆயிரத்தால் வகுத்தால் 6, மீதி 557. மீதி ஐந்நூறைத் தாண்டிவிட்டதால் ஒன்று கூடி 7 ஆகிறது. உத்தரப் பிரதேசத்தில் இதே மதிப்பு 208. நாட்டிலேயே இதுதான் அதிகம்.

நாடாளுமன்ற உறுப்பினருக்கு வேறு கணக்கு. எல்லா மாநிலங்களின் வாக்கு மதிப்பையும் கூட்டி, இரு அவைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2017இல் மாநிலங்களின் மொத்த மதிப்பு 5,49,495. நாடாளுமன்ற உறுப்பினர்கள் 776 பேர். வகுத்தால் ஒருவருக்கு 708. எல்லாரையும் சேர்த்தால் 5,49,408. மாநிலங்களின் பக்கமும் ஒன்றியத்தின் பக்கமும் தராசில் ஏறக்குறைய சமமாக நிற்பதைப் பார்க்கலாம். 2022இல் ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றம் இல்லாமற்போனதால் மாநிலங்களின் மொத்தம் குறைந்து, நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பும் 700 ஆகக் குறைந்தது. ஒரு மாநிலத்தில் சட்டமன்றம் கலைந்தால் டெல்லியில் உள்ள உறுப்பினரின் வாக்கும் மெலிகிறது என்பது இந்தக் கணக்கின் விசித்திரங்களில் ஒன்று.

1, 2, 3 என்று எழுதும் வாக்கு

வாக்காளர் தாம் விரும்பும் வேட்பாளருக்கு எதிரே 1 என்றும், அடுத்த விருப்பத்துக்கு 2 என்றும், இப்படியே வரிசையாகவும் எழுத வேண்டும். முதல் எண்ணிக்கையில் ஒருவர் செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் பெற்றால் அவர் வென்றவர். இல்லையென்றால் கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டு, அவருடைய வாக்குச் சீட்டுகள் அவற்றில் குறிக்கப்பட்ட அடுத்த விருப்பத்துக்குப் போகும். ஒருவர் பாதியைத் தாண்டும் வரை இது தொடரும்.

55ஆவது உறுப்பு இதை ஒற்றை மாற்று வாக்கு வழியிலான விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்று அழைக்கிறது. பெயர் பொருந்தவில்லை. விகிதாசாரம் என்றால் பத்து இடங்களில் ஒரு தரப்புக்கு ஏழு, மறு தரப்புக்கு மூன்று என்று பங்கிட்டுக் கொடுப்பது. ஒரே ஒரு நாற்காலியை எப்படிப் பங்கிட முடியும்? நடப்பது என்னவோ மாற்று விருப்ப வாக்கு முறை. பெயர் எதுவானாலும் அதன் நோக்கம் நல்லது. நான்கைந்து பேர் நிற்கும் போட்டியில் முப்பது விழுக்காடு பெற்றவர் வென்றுவிடுவதை இது தடுக்கிறது. சிறுபான்மைத் தரப்பின் அடுத்த விருப்பத்துக்கும் ஒரு விலை கிடைக்கிறது.

முதல் தேர்தல்

1952 மே மாதம் நடந்த முதல் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஐந்து பேர் போட்டியிட்டனர். இராஜேந்திர பிரசாத் 5,07,400 மதிப்புள்ள வாக்குகள் பெற்று வென்றார். இரண்டாமிடம் 92,827 வாக்குகளுடன் கே. டி. ஷாவுக்கு. மற்ற மூவரும் சேர்ந்து பெற்றது 5,159 மட்டுமே.

சபையில் எதிர்த்துப் பேசிய அதே முறையின்படி ஷா நின்றது முரணாகத் தோன்றலாம். அவரைப் பொறுத்தவரை முரண் இல்லை. சட்டம் எதுவாக ஆகிவிட்டதோ அதன்படி போட்டியிடுவதும், ஆளும் கட்சியின் வேட்பாளர் எதிர்ப்பில்லாமல் வந்துவிடக் கூடாது என்று காட்டுவதும் அவருக்குச் சரியாகவே பட்டிருக்க வேண்டும். அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

1957இல் வேறொரு சிக்கல் தலைகாட்டியது. சில தொகுதிகளில் பொதுத்தேர்தல் இன்னும் முடியாத நிலையில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடத்தலாமா என்று என். பி. காரே உச்ச நீதிமன்றம் சென்றார். தேர்தல் முடிந்த பிறகே வழக்குத் தொடுக்க முடியும் என்று நீதிமன்றம் கூறியது. 1961ஆம் ஆண்டின் 11ஆவது திருத்தம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: வாக்காளர் குழாமில் இடங்கள் காலியாக இருந்தன என்ற காரணத்துக்காகத் தேர்தலை எதிர்த்து வழக்குத் தொடுக்க முடியாது. 1974இல் குஜராத் சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்தபோது இதே கேள்வி உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடந்தே ஆக வேண்டும் என்பது பதில்.

1969: இரண்டாவது எண்ணிக்கை

இந்த முறை உண்மையிலேயே சோதிக்கப்பட்டது ஒரே ஒரு தேர்தலில்தான். 1969 மே 3 அன்று சாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். குடியரசுத் துணைத் தலைவர் வி. வி. கிரி பொறுப்பேற்றார். காங்கிரசுக்குள் இந்திரா காந்திக்கும் மூத்த தலைவர்களுக்கும் இடையே பிளவு முற்றியிருந்த நேரம் அது. கட்சியின் அதிகாரப்பூர்வ வேட்பாளராக மக்களவைத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி அறிவிக்கப்பட்டார். கிரி தம் பதவியைத் துறந்து சுயேச்சையாக நின்றார். ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 24 வரை தலைமை நீதிபதி இதயதுல்லா தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்தார். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் முன்னாள் நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக்கை ஆதரித்தன.

இங்கேதான் '2' என்ற எண் அரசியலுக்குள் நுழைகிறது. தேஷ்முக் வெல்ல வாய்ப்பில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அவருக்கு விழும் வாக்குகளின் இரண்டாவது விருப்பம் யாருக்கு என்பதே கேள்வி. காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா அந்தக் கட்சிகளின் தலைவர்களைச் சந்தித்து, இரண்டாவது விருப்பத்தை ரெட்டிக்குத் தருமாறு கேட்டார். வலதுசாரிக் கட்சிகளுடன் ரகசியக் கூட்டு என்று இந்திரா காந்தியின் தரப்பு இதையே ஆயுதமாக்கிக்கொண்டது. மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்ற அறைகூவல் எழுந்தது. இடதுசாரிக் கட்சிகளும் தி.மு.க.வும் கிரியை ஆதரித்தன.

ஆகஸ்ட் 16 அன்று வாக்குப்பதிவு. 20ஆம் தேதி எண்ணிக்கை. போட்டியிட்டவர்கள் 15 பேர். செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. முதல் எண்ணிக்கையில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. ஒருவரும் எல்லையைத் தொடவில்லை. கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டு, கடைசியில் தேஷ்முக்கின் சீட்டுகளும் பிரிக்கப்பட்டன. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதல் எண்ணிக்கையில் ரெட்டி பின்தங்கியிருந்தது 87,967. முடிவில் பின்தங்கியது வெறும் 14,650. மாறிச் சென்ற வாக்குகளில் ரெட்டிக்குக் கிடைத்தவை 91,879. கிரிக்குக் கிடைத்தவை 18,562. அதாவது நூற்றுக்கு எண்பத்து மூன்று ரெட்டிக்குப் போயின. நிஜலிங்கப்பாவின் கணக்கு தப்பவில்லை, கொஞ்சம் போதவில்லை. அப்போது நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 576. பதின்மூன்று உறுப்பினர்கள் கிரியை விட்டு ரெட்டிக்கு வாக்களித்திருந்தால் முடிவே வேறு. அடுத்த விருப்பம் எதுவும் குறிக்காததால் எவருக்கும் சேராமல் நின்றுபோன வாக்குகளின் மதிப்பு 10,833.

அதிக வாக்கு பெற்றவரே வென்றவர் என்ற எளிய முறை இருந்திருந்தாலும் கிரிதான் வென்றிருப்பார். அப்படியானால் இரண்டாவது எண்ணிக்கையால் என்ன பயன் என்று கேட்கலாம். எளிய முறையில் அவர் 48 விழுக்காட்டுத் தலைவராக வந்திருப்பார். அது மட்டுமல்ல, தேஷ்முக்கை நிறுத்திய கட்சிகள் தம் வாக்கு வீணாகும் என்று அஞ்சித் தொடக்கத்திலேயே ரெட்டியிடம் போயிருக்கக்கூடும். ஒரு முறையை மாற்றினால் எண்ணிக்கை மட்டும் மாறுவதில்லை, வாக்காளரின் நடத்தையும் மாறும்.

முதலிடத்தில் இருப்பவரே தோற்கவும் கூடும் என்பதற்கு 1990ஆம் ஆண்டு அயர்லாந்துத் தேர்தல் சான்று. பிரையன் லெனிஹன் 44 விழுக்காட்டுடன் முன்னணியில் இருந்தார். மேரி ராபின்சன் 39 விழுக்காடு. மூன்றாமிடத்தவர் நீக்கப்பட்டு அவருடைய வாக்குகள் பிரிந்ததும் ராபின்சன் வென்று அந்நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவரானார்.

கிரியின் வெற்றியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. ரெட்டியை இழிவுபடுத்தும் துண்டறிக்கை உறுப்பினர்களிடையே பரப்பப்பட்டது என்பது குற்றச்சாட்டுகளில் முக்கியமானது. பதவியில் இருந்த குடியரசுத் தலைவர் நேரில் வந்து சாட்சியம் அளித்தார். 1970இல் வழக்கு தள்ளுபடியானது. தோற்ற சஞ்சீவ ரெட்டி 1977இல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார். அந்த ஆண்டு 37 பேர் மனு செய்ய, அவருடையது தவிர மற்ற 36 மனுக்களும் தள்ளுபடியாயின.

விளையாட்டு வேட்பாளர்கள்

1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிந்தால் போதும், வைப்புத்தொகையும் இல்லை. ஆகவே வெல்லும் எண்ணமே இல்லாதவர்கள் பெருகினர். 1967இல் 17 பேர் நின்றனர். அவர்களில் ஒன்பது பேருக்கு ஒரு வாக்கும் கிடைக்கவில்லை. 1974இல் பத்துப் பேர் முன்மொழிய, பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், 2,500 ரூபாய் கட்ட வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. 1997இல் அது ஐம்பது, ஐம்பது, 15,000 ரூபாய் என்று உயர்ந்தது.

இதன் விளைவு இரு பக்கமும் உண்டு. வேடிக்கை நின்றது. ஆனால் ஐம்பது உறுப்பினர்களைத் திரட்ட முடியாத எவரும், எவ்வளவு தகுதியுடையவரானாலும், களத்துக்கே வர முடியாது. 1997 முதல் எல்லாத் தேர்தல்களும் இருமுனைப் போட்டிகளே. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் டி. என். சேஷன் அந்த ஆண்டு கே. ஆர். நாராயணனை எதிர்த்து நின்று 50,631 பெற்றார். நாராயணன் பெற்றது 9,56,290. 2002இல் அப்துல் கலாமை எதிர்த்து லட்சுமி சாகல் நின்றார். இருவர் மட்டுமே நிற்கும் தேர்தலில் இரண்டாவது விருப்பத்துக்கு வேலையே இல்லை. சட்டப் புத்தகத்தில் உள்ள மாற்று விருப்ப முறை, நடைமுறையில் 1969க்குப் பிறகு உறங்கிக்கொண்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

உறங்காத ஒன்று ரகசிய வாக்கு. இந்தத் தேர்தலில் கட்சிகள் கொறடா உத்தரவு பிறப்பிக்க முடியாது. கட்சித் தாவல் தடைச் சட்டமும் பொருந்தாது. 1969இல் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதைக் கட்சியால் கண்டுபிடிக்க முடிந்திருந்தால் கிரி வென்றிருப்பாரா என்பது ஐயமே.

இலங்கையின் வேறு வழி

ஷா கேட்டதைப் போன்ற நேரடித் தேர்தலும், இந்தியா எடுத்துக்கொண்ட விருப்ப வாக்கும் ஒருங்கே அமைந்தது அண்டை நாடான இலங்கையில். 1978ஆம் ஆண்டு அரசமைப்பு, நிறைவேற்று அதிகாரம் கொண்ட சனாதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கும்படி செய்தது. வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். முதல் எண்ணிக்கையில் எவரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஒரேயடியாக நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அந்த இருவருக்குக் குறிக்கப்பட்ட விருப்பம் மட்டும் எண்ணப்படும்.

1982 முதல் 2019 வரை எட்டுத் தேர்தல்களிலும் இரண்டாவது எண்ணிக்கை தேவைப்படவில்லை. 1988இல் பிரேமதாசா 50.43 விழுக்காட்டிலும், 2005இல் மகிந்த ராசபக்ச 50.29 விழுக்காட்டிலும் தப்பிக்கொண்டனர். 2005இல் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் வடக்கில் தமிழர் பெரும்பாலும் வாக்களிக்கவில்லை. மயிரிழை வெற்றியில் அந்த வாக்குகள் இல்லாதது எவ்வளவு எடை கொண்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2024 செப்டம்பரில்தான் முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடும் சஜித் பிரேமதாச 32.76 விழுக்காடும் பெற்றிருந்தனர். விருப்ப வாக்குகளைச் சேர்த்ததும் திசாநாயக்க 55.89 விழுக்காடு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

அந்த 55.89 விழுக்காடு எதில் என்று கேட்பது முக்கியம். எஞ்சிய இருவருக்குச் சேர்ந்த வாக்குகளில்தான். மற்ற வேட்பாளர்களுக்கு வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாவது விருப்பத்தைக் குறிக்கவேயில்லை. செல்லத்தக்க வாக்குகள் அனைத்திலும் கணக்கிட்டால் வென்றவரின் பங்கு சுமார் 43 விழுக்காடுதான். மக்களுக்கு 1 என்று எழுதவோ ஒரு குறி போடவோ பழகிய கை, 2, 3 எழுதப் பழகவில்லை. முறை எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும், வாக்காளருக்கு அதைக் கற்பிக்காவிட்டால் ஏட்டுச் சுரைக்காய்தான். பயிற்சி பெற்ற சட்டமன்ற உறுப்பினர்களிடையேகூட 1969இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மதிப்பு நின்றுபோனதை நினைவில் கொள்ளலாம்.

1971 என்னும் பூட்டு

இன்று இந்த முறையைப் பற்றிய விவாதம் நேரடித் தேர்தலா மறைமுகத் தேர்தலா என்பதில் இல்லை. வாக்கு மதிப்பைக் கணக்கிட எந்த ஆண்டின் மக்கள்தொகையை எடுப்பது என்பதில் இருக்கிறது.

தொடக்கத்தில் கடைசியாக வெளியான கணக்கெடுப்பே அடிப்படை. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அதை 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நிறுத்தி, 2000 வரை பூட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செவ்வனே நடத்திய மாநிலங்கள் அதற்காக அரசியல் வலிமையை இழக்கக் கூடாது என்பது காரணம். 2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தம் அந்தப் பூட்டை, 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும் வரை நீட்டித்தது.

பூட்டைத் திறந்தால் என்னவாகும் என்று 2011 கணக்கெடுப்பைக் கொண்டு போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. உறுப்பினர் வாக்கு மதிப்பு 176லிருந்து 308 ஆகும். உத்தரப் பிரதேசத்தில் 208லிருந்து 496 ஆகும். இப்போது உத்தரப் பிரதேசத்தின் மொத்த மதிப்பு 83,824, தமிழ்நாட்டைப் போல இரு மடங்கு. புதிய கணக்கில் அது 1,99,888, தமிழ்நாட்டினுடையது 72,072. ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. கேரளத்துக்கு இழப்பு இன்னும் கூடுதல்: இப்போது உத்தரப் பிரதேசம் கேரளத்தைப் போல நான்கு மடங்கு, புதிய கணக்கில் ஆறு மடங்கு.

மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வாக்கு மதிப்பு என்ற கணக்கு பிறந்ததே ஒவ்வொரு குடிமகனுக்கும் சமமான எடை வேண்டும் என்பதற்காக. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய எண்ணை வைத்துக்கொண்டு அந்தச் சமத்துவத்தைப் பேச முடியாது என்று வட மாநிலங்கள் சொன்னால் அதில் தவறு காண முடியாது. ஆனால் 55ஆவது உறுப்பு இரண்டு சமத்துவங்களைச் சொல்கிறது. மாநிலங்களுக்கிடையே பிரதிநிதித்துவ அளவு ஒரே சீராக இருக்க வேண்டும். மாநிலங்கள் அனைத்துக்கும் ஒன்றியத்துக்கும் இடையே சமநிலை வேண்டும். மாநிலம் என்பது மக்கள்தொகை எண் மட்டும்தானா என்ற கேள்விக்கு அரசியல் நிர்ணய சபை விடை எழுதி வைக்கவில்லை.

சட்ட நிலை ஒன்றையும் கவனிக்க வேண்டும். பூட்டு தானாகத் திறந்துகொள்ள எவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. 2026க்குப் பிந்தைய கணக்கெடுப்பின் எண்கள் வெளியானால் போதும். அதை மேலும் நீட்டிக்க வேண்டுமானால் 55ஆவது உறுப்பைத் திருத்த வேண்டும். அந்த உறுப்பு 368ஆவது உறுப்பின் சிறப்புப் பட்டியலில் உள்ளது. ஆகவே நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவும், மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்குக் குறையாதவற்றின் ஒப்புதலும் அதற்குத் தேவைப்படும்.